மலாக்காத் தமிழ்ப் பள்ளிகளில் உடலசைவும் கற்றலும்

1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரக் காடுகள் பரவ, தமிழகத்துக் குடும்பங்கள் லயங்கள் என்னும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில் குடியேறின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்றே பல பள்ளிகள் நடந்தன.

அவற்றின் வேர் திண்ணைப் பள்ளியில் இருந்தது. திண்ணையில் பிள்ளை அரிச்சுவடியை மணலில் விரலால் எழுதிப் பழகியது. எண்சுவடியைக் கூட்டமாக உரக்கச் சொன்னது. எழுத்தின் வளைவைக் கண் அறியும் முன்பே மணிக்கட்டு அறிந்துகொண்டது. பள்ளி விட்டால் நொண்டி, சடுகுடு, மலாய்ப் பிள்ளைகள் 'கொண்டா கொண்டி' என்னும் கிட்டிப்புள். ஒற்றைக் காலில் கட்டம் தாண்டும் பிள்ளை எண்ணுகிறது, தூரத்தை மதிப்பிடுகிறது, தன் முறைக்காகக் காத்திருக்கிறது. ஆயினும் இவை கல்வியின் பகுதியாக மதிக்கப்படவில்லை.

உடல் அசைந்தால் மட்டும் கல்வி வளர்ந்துவிடாது. பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் பெற்றோருடன் விடியலிலேயே எழுந்து, பால் சேர்க்க உதவிவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளையின் உடலும் அசைந்த உடல்தான். மலேரியாவும் கொக்கிப்புழுவும் வாட்டிய அந்த உடலுக்கு வேண்டியிருந்தது ஓய்வும் உணவும். தோட்ட வாழ்க்கையை ஏக்கத்தோடு நினைவுகூர்வோர் விளையாட்டுக்கும் உழைப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

விடுதலைக்குப் பின் தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கேபிஎஸ்ஆர் என்னும் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டம் செய்து கற்றலுக்கு இடம் தந்தது. 1988இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவம் அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் நான்கின் சமநிலையை வலியுறுத்தியது. ஆனால் அதே ஆண்டில் தொடக்கப் பள்ளி இறுதியில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வும் தொடங்கியது. தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைக் கணிதமும் மொழியும் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அத்தேர்வு 2021இல்தான் கைவிடப்பட்டது.

இப்படி இழந்தது என்ன என்பதை ஆய்வுகள் காட்டின. இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையும், கவனத்தையும் திட்டமிடலையும் ஆளும் முன்மூளைப் புறணியும் நெருங்கி இணைந்து செயல்படுவதை ஆய்வாளர் அடேல் டயமண்ட் 2000இல் விளக்கினார். 2009இல் ஆய்வாளர் சார்ல்ஸ் ஹில்மன் குழுவினர் 20 சிறுவர்களை 20 நிமிடம் நடக்கவைத்துச் சோதித்தனர். ஓய்வாக இருந்த நாளைவிட நடந்த நாளில் அவர்களின் கவனமும் வாசித்தறியும் திறனும் மேம்பட்டிருந்தன. சிறிய ஆய்வுதான், உடனடி விளைவை மட்டுமே அது அளந்தது.

இதற்கிடையே பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குவீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் பெயர்ந்தன. பிள்ளைகள் பேருந்திலும் வேனிலும் பள்ளி செல்கின்றனர். பழைய தோட்டப் பள்ளிகள் சிலவற்றில் திடல் இருக்கிறது; இரண்டு காற்பந்துக் குழு சேர்க்கப் பிள்ளைகள் இல்லை. நொண்டிக்கோ கிட்டிப்புள்ளுக்கோ இரண்டு பேர் போதும். தரையில் எண்கோடு வரைந்து குதித்துக் கூட்டவும் கழிக்கவும் பழக ஒரு பிள்ளையே போதும்.