எஸ்.ஓ.எஸ். துலங்கல்

டி.என்.ஏ. கடுமையாகச் சேதமடையும்போது பாக்டீரியாக்களில் பழுதுநீக்க மரபணுக்களை ஒருசேர இயக்கும் ஒழுங்குமுறை. எவலின் விட்கின், மிரோஸ்லாவ் ராட்மன் ஆகியோரின் 1970களின் ஆய்வுகளால் இது தெளிவுபட்டது.

எஷரிக்கியா கோலையில் லெக்ஸ்ஏ என்னும் அடக்கிப் புரதம் சுமார் 40 மரபணுக்களைத் தடுத்து வைத்திருக்கிறது. புற ஊதாக் கதிரோ சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்தோ டி.என்.ஏ.வைச் சிதைத்தால், வெளிப்படும் ஒற்றை இழையில் ரெக்ஏ புரதம் படிகிறது. அதன் தூண்டுதலால் லெக்ஸ்ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. முதலில் சேதத்தை வெட்டி நீக்கும் நொதிகள் பெருகுகின்றன. சுல்ஏ புரதம் செல்பிரிதலை நிறுத்துகிறது. சேதம் நீடித்தால், பிழை மலிந்த டி.என்.ஏ. பாலிமரேஸ் 5 செயல்பட்டுச் சடுதிமாற்றங்கள் கூடுகின்றன.

காலரா பாக்டீரியாவில், மருந்தெதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் எஸ்.எக்ஸ்.டி. என்னும் நகரும் மரபணுக்கூறும் இத்துலங்கலால் தடை நீங்கி மற்றொரு செல்லுக்குப் பரவுகிறது. 1992இல் சென்னையில் பிரித்தெடுக்கப்பட்ட ஓ139 வகையில் இக்கூறு கண்டறியப்பட்டது.