மவுண்ட்

சென்னைக்காரர்களுக்கு ‘மவுண்ட்’ என்றால் பரங்கிமலை. அண்ணா சாலையின் பழைய பெயரே அதிலிருந்து வந்ததுதான். லத்தீனில் மலையைக் குறித்த ‘மோன்ஸ்’ பிரெஞ்சில் ஏறுதலாகி, ஆங்கிலத்தில் பொருத்துதலும் ஆயிற்று. யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு வந்தது இந்தக் கடைசிப் பொருள். 1971-இல் வெளியான முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே ‘மவுண்ட்’ கட்டளை உண்டு. கழற்றி மாட்டும் வட்டுப் பொதிகளை அன்று ஆள்தான் தூக்கிப் பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்திய பொதியைக் கோப்பகத்தோடு இணைப்பது கட்டளையின் வேலை.

இன்று கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் இயந்திரத்தில் தூக்க எதுவுமில்லை. வட்டு என்பதே பெரும்பாலும் ஒரு கோப்பு. சிக்கல் அந்த வட்டின் பெயரில்தான்.

கேரள அரசுப் பள்ளிகளில் ஓடுவது கைட் நிறுவனம் உபுண்டுவிலிருந்து உருவாக்கிய லினக்ஸ். அதுபோன்ற ஒன்றை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவி, வட்டின் இணைப்பை சாட்டாவிலிருந்து விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் ‘எஸ்டிஏ’ என்ற வட்டு ‘விடிஏ’ ஆகிவிடும். எந்த வட்டு எங்கே ஏற வேண்டும் என்று குறித்துவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயரே இருந்தால் மவுண்ட் தோற்கும். இயந்திரம் அவசரநிலையில் போய் நிற்கலாம். தரவு போய்விட்டதென்று பதற வேண்டாம். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடி என்ற அடையாள எண்ணை எஃப்எஸ்டேப்பில் பழைய பெயருக்குப் பதிலாக எழுதினால் போதும், பெயர் மாறினாலும் வட்டு தன் இடத்தில் ஏறும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: அப்படியே நகலெடுத்த வட்டுக்கும் அதே எண்தான் இருக்கும்.