கார்பைன் மேகசின்

மேகசின் என்பது துப்பாக்கியின் அடிப்புறத்தில் செருகிக் கழற்றும் தோட்டாப் பெட்டி. அலுமினியத்திலோ எஃகிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஓர் உடல், அதற்குள் ஒரு சுருள்வில், வில்லின் தலையில் தோட்டாக்களை மேலே தள்ளும் ஓர் உந்துதட்டு, தோட்டா தானாக வெளியே வந்துவிடாமல் வாயில் பிடித்திருக்கும் இரண்டு விளிம்புகள்: உறுப்புகள் இவ்வளவே. துப்பாக்கியின் மற்ற பாகங்களோடு வைத்துப் பார்த்தால் மிக எளிய பொருள், விலையும் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு 900 தோட்டா என்ற வேகத்தில் சுடும் துப்பாக்கியில், தோட்டாவை அறைக்குள் தள்ளும் உறுப்பான போல்ட் ஒரு வினாடிக்கு 15 முறை பின்னே போய் முன்னே வருகிறது. ஒவ்வொரு முறையும் அது திரும்பி வருவதற்குள் அடுத்த தோட்டா உரிய உயரத்தில், உரிய கோணத்தில் ஏறி நின்றாக வேண்டும். ஏறாவிட்டால் துப்பாக்கி திக்கிவிடும். நம்பகமான மேகசின் எது என்ற கேள்வியை அலுமினியமா, எஃகா, பிளாஸ்டிக்கா என்ற போட்டியாகவே பலரும் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் எம்16 துப்பாக்கிக்கும் அதன் குறுங்குழல் வாரிசான எம்4 கார்பைனுக்கும் செய்யப்பட்ட மேகசின்களின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. 20 தோட்டாவுக்காக 1950களில் வகுத்த, மேகசின் புகும் ஒரு குழிக்குள் 30 தோட்டாவை அடக்க வேண்டியிருந்ததே அடிப்படைச் சிக்கல். அதன் பிறகு வந்த திருத்தங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு முடிவோடு நடத்திய சமரசங்கள்.

கழற்றக்கூடிய பெட்டி மேகசினுக்கு 1879இல் காப்புரிமை பெற்றவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை செய்தவர். பிரிட்டிஷ் இந்தியப் படையும் பின்னர் சுதந்திர இந்தியாவின் காவல்துறையும் பல்லாண்டு சுமந்த லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் பெயரில் உள்ள லீ அவர்தான். அந்தத் துப்பாக்கியின் மேகசின் கழன்றாலும் வீரர்கள் அதைக் கழற்றி மாற்றிச் சுடவில்லை. ஐந்தைந்து தோட்டாவாகக் கோத்த பட்டியை மேலிருந்து அழுத்தி நிரப்பினார்கள். எனவே மேகசின் துப்பாக்கியோடு பிறந்து அதனோடே கிடந்தது, பொருத்தம் கெடவும் வாய்ப்பு குறைவாக இருந்தது. வீரன் பல மேகசின்களை இடுப்பில் சுமந்து, ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றைச் செருகும் வழக்கம் வந்த பிறகுதான் எந்த மேகசினும் எந்தத் துப்பாக்கியிலும் வேலை செய்ய வேண்டிய கட்டாயம் எழுந்தது. 1941இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட எம்1 கார்பைன் இந்தப் புதிய நிலைக்கு நல்ல சான்று. அது 15 தோட்டா மேகசினோடு வந்தது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் முழுத் தானியங்கியான எம்2 வடிவம் வந்தபோது 30 தோட்டா மேகசின் சேர்ந்தது. அதன் கூடுதல் எடையைத் தாங்கிப் பிடிக்கப் பழைய கொக்கி போதவில்லை என்பதால் கொக்கியையே மாற்றி அமைத்தார்கள். சிறிய கொள்ளளவுக்கு வடித்த துப்பாக்கியில் பெரிய மேகசினைப் பிறகு சேர்ப்பதற்கு ஒரு விலை உண்டு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இதே காலத்தில் சோவியத் நாடு வேறு வழியில் போனது. ஏகே-47இன் தோட்டா அடியில் 11.35 மி.மீ., தோள்பட்டையில் சுமார் 10 மி.மீ. என்று நன்றாகக் குவிந்தது. இத்தகைய தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும். ஏகே-47இன் மேகசின் அந்த வளைவை மேலிருந்து கீழ்வரை ஏற்றுக்கொண்டது, துப்பாக்கியும் முன்விளிம்பைக் கொக்கியில் மாட்டிப் பின்னே சாய்த்துப் பூட்டும்படி அமைந்தது. நேரான ஆழக் குழி அதற்குத் தேவைப்படவில்லை. தொடக்ககால எஃகு மேகசின்கள் காலியாகவே கால் கிலோவுக்கு மேல் எடை கொண்டவை, சுமப்பவனுக்குப் பாரம்தான். ஆனால் உந்துதட்டு ஒரே வளைவில் வழுக்கிச் சென்றதால் அது சாய்ந்து சிக்க இடமில்லை. ஏகே எந்தச் சேற்றிலும் சுடும் என்ற புகழில் ஒரு பெரும் பங்கு இந்த மேகசினுக்கு உரியது. அந்தப் புகழைப் பேசுபவர்கள் இதை அரிதாகவே சொல்கிறார்கள்.

ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950களின் பிற்பகுதியில் வடித்த ஏஆர்-15, 1959இல் கோல்ட் நிறுவனத்தின் கைக்குப் போய், பின்னர் எம்16 ஆனது. எடையைக் குறைப்பதே அதன் உயிர்நாடி என்பதால் உடலைப் போலவே மேகசினும் மெல்லிய அலுமினியத்தில் அமைந்தது. அதன் 5.56 மி.மீ. தோட்டாவின் கூடு அடியில் 9.6 மி.மீ., தோளில் 9 மி.மீ., குவிவு மிகக் குறைவு. 20 தோட்டாவை அடுக்கும்போது இந்த அரை மில்லிமீட்டர் வேறுபாட்டை நேரான பெட்டி பொறுத்துக்கொண்டது. அதனால் மேகசினும் நேராக, அது புகும் குழியும் நேராக வடிக்கப்பட்டன. அன்றைய தேவைக்கு இது பிழையே அல்ல. பிழை பிறகு நேர்ந்தது. எதிரியிடம் 30 தோட்டா இருக்கும்போது நம்மிடம் 20 போதாது என்ற கோரிக்கை வியட்நாமில் எழுந்தது. குழியை மாற்றினால் ஏற்கெனவே வார்த்துக் கொடுத்த லட்சக்கணக்கான துப்பாக்கிகளும் கையிருப்பு மேகசின்களும் வீணாகும். எனவே குழிக்குள் இருக்கும் மேற்பகுதி நேராகவும், வெளியே தொங்கும் கீழ்ப்பகுதி வளைந்தும் உள்ள 30 தோட்டா மேகசின் உருவாகி, 1970களில் பொது வழக்குக்கு வந்தது. வளைவில் ஏறிவரும் அடுக்கு பாதி வழியில் நேர்ப்பாதைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் உந்துதட்டு முன்னோ பின்னோ சாய்கிறது, தோட்டாவின் மூக்கு தாழ்கிறது, போல்ட் அதைப் பிடிக்காமல் தாண்டுகிறது அல்லது கோணலாக முட்டித் தள்ளுகிறது. உந்துதட்டின் நிறம் கறுப்பு, பச்சை, பழுப்பு என்று அடுத்தடுத்து மாறியதன் கதை இந்தத் திருப்பத்தைச் சமாளிக்க நடந்த முயற்சிகளின் கதைதான். ஒவ்வொரு நிறமும் சாயாமல் நிற்க முயலும் ஒரு புதிய வடிவத்தைக் குறித்தது.

வியட்நாமில் எம்16 திக்கியதற்கு மேகசினா காரணம் என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு குற்றம்சாட்டியது முதன்மையாக வெடிமருந்து மாற்றத்தையும், துப்பாக்கியைத் துடைக்கக் கருவிகள்கூடத் தராமல் அனுப்பிய நிர்வாகத்தையும்தான். குரோமியம் பூசாத தோட்டா அறையில் சுட்ட கூடு ஒட்டிக்கொண்டு வெளிவராததே உயிர்களைப் பறித்த கோளாறு, அதில் மேகசினுக்குப் பங்கில்லை. ஆனால் அந்த மருந்து மாற்றம் இன்னொன்றையும் செய்தது: போல்ட்டின் வேகத்தைக் கூட்டியது. வேகம் கூடினால் தோட்டாவை மேலே தள்ள வில்லுக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. 20 கொள்ளும் மேகசினில் 18 மட்டும் நிரப்பும் பழக்கம் வீரர்களிடையே பரவியது. முழுக்க நிரப்பிய மேகசினில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதற்கு அது போதுமான சாட்சி. துப்பாக்கிக்குள் செய்யும் எந்த மாற்றமும் மேகசினின் மேல் வந்து விழும் என்பதுதான் இதிலிருந்து எடுக்க வேண்டிய உண்மை, அது பின்னரும் மெய்யானது.

1980இல் நேட்டோ நாடுகள் 5.56 மி.மீ. தோட்டாவைப் பொதுவாக்கியபோது எம்16 மேகசினையும் பொதுவாக்க ஸ்டானாக் 4179 என்ற தரநிலை வரைவு முன்வைக்கப்பட்டது. அந்த வரைவு முறைப்படி ஏற்கப்படவே இல்லை. ஆயினும் பல நாடுகள் அந்தக் குழியைத் தங்கள் துப்பாக்கிகளில் வெட்டிக்கொண்டன. நட்பு நாட்டு வீரனிடம் மேகசின் வாங்கிச் செருகலாம் என்பது உண்மையான நன்மைதான். அதற்காகக் கொடுத்த விலையைப் பிரிட்டன் நேரில் கண்டது. 1980களில் வந்த அதன் எல்85 துப்பாக்கி, 1991 வளைகுடாப் போரில் மணலில் மோசமாக நடந்துகொண்டது. 2000க்குப் பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் உண்ட் கோச் நிறுவனம் அதைச் சீர்செய்தபோது போல்ட்டோடும் வெளியேற்றியோடும் நிறுத்திக்கொள்ளவில்லை, மேகசினையும் எஃகில் புதிதாக வடித்தது. பத்தாண்டுக்குப் பின் பிரிட்டிஷ் படை ஆப்கானிஸ்தானில் பிளாஸ்டிக் மேகசினுக்கு மாறியபோது எடைக் குறைவும் கூடவே கிடைத்தது.

எம்4 கார்பைன் 1994இல் முறைப்படி ஏற்கப்பட்டது. எம்16இன் 508 மி.மீ. குழலுக்குப் பதில் இதில் 368 மி.மீ. குழல். போல்ட்டை இயக்க வாயு எடுக்கும் துளை தோட்டா அறைக்கு நெருங்கி வந்ததால் அழுத்தம் கூடியது, போல்ட் மேலும் கடுமையாக இயங்கியது. 20 தோட்டாவுக்கு அளந்த குழி, 30 தோட்டாவுக்கு இழுத்த பெட்டி, அதற்கும் மேலே கார்பைனின் அவசரம் என்று மூன்று சுமையும் ஒரே வில்லின் மேல் ஏறின. 2007இல் அமெரிக்க இராணுவம் தன் அபர்டீன் சோதனைக் களத்தில் நான்கு துப்பாக்கிகளைக் கடும் புழுதியில் வைத்துச் சோதித்தது. ஒவ்வொரு வகையும் 60,000 தோட்டா சுட்டது. எக்ஸ்எம்8 127 முறை, ஸ்கார் 226 முறை, எச்கே416 233 முறை, எம்4 882 முறை திக்கின. எம்4இன் 882இல் 239 தடங்கல்கள் மேகசின் கணக்கில் எழுதப்பட்டன. மீதி அறுநூற்றுச் சொச்சம் துப்பாக்கியின் குற்றம்தானே என்று கேட்பவருக்கு, ஆம் என்பதே பதில். மேகசினை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று சொல்ல அந்தச் சோதனை இடம் தரவில்லை. ஆனால் துப்பாக்கியைத் திருத்தப் பல ஆண்டும் பெரும் பணமும் வேண்டும், மேகசினைத் திருத்தச் சில டாலர் போதும். நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடங்கலை அத்தனை மலிவாகத் தொடக்கூடிய இடத்தில் வைத்துக்கொண்டு அதுவரை காத்திருந்ததற்கு நியாயம் இல்லை. 2009இல் இராணுவம் வலுவான வில்லும் சாயாத பழுப்பு உந்துதட்டும் உள்ள மேகசினைக் கொண்டுவந்து, மேகசின் சார்ந்த தடங்கல் பாதிக்கு மேல் குறைந்ததாக அறிவித்தது.

பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்பவர்கள் பிளாஸ்டிக்கின் முழு வரலாற்றையும் பார்ப்பதில்லை. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் 1977லேயே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மேகசினை வெற்றிகரமாகக் கொண்டுவந்தது, ஏனெனில் துப்பாக்கியும் மேகசினும் ஒன்றுக்கொன்று சேர்த்தே வடிக்கப்பட்டன. இந்தியாவின் இன்சாஸ் துப்பாக்கியும் அதே போன்ற ஒளி ஊடுருவும் மேகசினை ஏற்றது. 1999 கார்கில் போரில் உறைகுளிரில் அந்த மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார்கள் எழுந்தன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் உற்பத்தியான துப்பாக்கி இது என்பதால் இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்கு அவ்வளவு தொலைவானது அல்ல. அடிப்படையில் ஒரே குடும்பத்துப் பொருள் ஓரிடத்தில் வென்றது, மற்றோர் இடத்தில் தோற்றது. வித்தியாசம் கலவையிலும், சுவரின் தடிப்பிலும், சோதித்த தட்பவெப்பத்திலும் இருந்தது.

எம்4 குடும்பத்தில் பிளாஸ்டிக்கை நிலைநிறுத்தியது அமெரிக்காவின் மேக்புல் நிறுவனம். 1999இல் முன்னாள் மரைன் படைவீரரான ரிச்சர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கியது, முதலில் விற்றது மேகசினை உறையிலிருந்து இழுக்க உதவும் ஒரு ரப்பர் வளையம் மட்டுமே. 1994 முதல் 2004 வரை 10 தோட்டாவுக்கு மேற்பட்ட மேகசின்களைப் பொதுமக்களுக்குப் புதிதாகச் செய்து விற்க அமெரிக்கச் சட்டம் தடை விதித்திருந்தது. தடை காலாவதியான சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் பிமேக் வந்தது. அதன் சிறப்பு பிளாஸ்டிக் என்பதில் இல்லை. வெளியே நேர்க் குழிக்குப் பொருந்தும்படி வைத்துக்கொண்டே, உள்வெளியைக் கூடியவரை ஒரே வளைவாக்கியதில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அலுமினியத் தகட்டால் செய்ய முடியாததை அச்சில் வார்க்கும் பொருள் செய்ய இடம் கொடுத்தது. நெடுநாள் நிரப்பி வைத்தால் பிளாஸ்டிக் வாய் விளிம்பு மெல்ல விரியக்கூடும் என்பதை உணர்ந்து, தோட்டாவை அழுத்திப் பிடித்து விளிம்பின் பளுவை நீக்கும் மூடியும் சேர்த்தார்கள். அதிகார அமைப்பு இதைச் சட்டென்று ஏற்கவில்லை. 2012இல் இராணுவத்தின் ஒரு பிரிவு இத்தகைய மேகசின்களுக்குத் தடை போன்ற அறிவிப்பை வெளியிட்டு, எதிர்ப்புக்குப் பின் அதை விளக்கித் தளர்த்தியது. 2010இல் வந்த எம்855ஏ1 தோட்டாவின் வெளியே தெரியும் எஃகு முனை, தோட்டா ஏறும் சரிவை இடித்துத் தேய்த்தது. மறுபடியும் துப்பாக்கியின் ஒரு பக்க மாற்றம் மேகசினின் தலையில் வந்து இறங்கியது. இராணுவம் 2016இல் தோட்டாவை இன்னும் சற்று உயர்ந்த கோணத்தில் நிறுத்தும் புதிய அலுமினிய மேகசினை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மரைன் படை மேக்புல் மேகசினைப் போருக்கு அங்கீகரித்தது. அந்தத் தோட்டாவோடு நடந்த சோதனையில் மேகசினால் வந்த தடங்கல் அதில் இல்லை என்பதே காரணம்.

மேகசின் தேய்ந்தால் எறிந்துவிட வேண்டிய பொருள்தானே, அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்ற எதிர்வாதம் பழையது. அலுமினிய மேகசினின் மெல்லிய சுவரே அந்த எண்ணத்தின் விளைவு. நடைமுறையில் எறிவதற்கு யாரும் இல்லை. பழுதான மேகசின் பெட்டிக்குத் திரும்பிப்போய் அடுத்த வீரனின் கைக்கு வருகிறது, ஏனெனில் வாய் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் விரிந்ததைக் கண் பார்த்துச் சொல்லாது. தொடர்ந்து அழுத்தி வைத்தால் வில் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதியே சரி. நல்ல எஃகு வில், அழுத்திக் கிடப்பதைவிட நிரப்பி நிரப்பிக் காலி செய்வதால்தான் அதிகம் சோர்கிறது. ஆகவே தேர்வின் பெரும்பகுதி வாங்கும் நாளில் முடிந்துவிடுவதில்லை. உடைமையாளர் ஒவ்வொரு மேகசினுக்கும் எண் இட்டு, எந்த எண் எத்தனை முறை திக்கியது என்று குறித்து வைத்து, இரண்டாம் முறை திக்கியதை ஒதுக்கினால், அலுமினியமா பிளாஸ்டிக்கா என்ற சர்ச்சையைவிட அது அதிகப் பயன் தரும். எஃகு மேகசின் விளிம்பு எளிதில் விரியாது, ஆனால் துருப்பிடிக்கும், பாரமும் கூடும். அலுமினியம் இலகு, ஆனால் கீழே விழுந்தால் நசுங்கும். பிளாஸ்டிக் நசுங்காது, ஆனால் தரம் குறைந்தால் குளிரிலும் வெயிலிலும் உடையும். அந்தந்தத் துப்பாக்கிக்கும் அது சுடும் தோட்டாவுக்கும் பொருந்துவதைச் சோதித்து எடுத்ததே அங்கே நம்பகமானது. அதே பெட்டி வேறொரு துப்பாக்கியில் அந்தப் பெயருக்கு உரியதாக இருக்காது.