பரிந்துரைச் சீட்டின்றி ஓபியாய்டு மருந்து வைத்திருத்தல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

மார்ஃபின், ஃபென்டானில், டிரமடால் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வைத்திருப்பது, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டப்படி குற்றம். இது மத்தியச் சட்டம். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூருக்கும் 2007இல் தனி மாவட்டமான அரியலூருக்கும் ஒன்றுபோலவே பொருந்தும்.

அளவும் தண்டனையும்

மார்ஃபின், ஃபென்டானில் வழக்குகளுக்கு 21ஆம் பிரிவு. 2018 ஏப்ரலில் மனமயக்கப் பொருளாக அறிவிக்கப்பட்ட டிரமடாலுக்கு 22ஆம் பிரிவு. இரண்டிலும் தண்டனையை முடிவுசெய்வது எடைதான்.

சிறிய அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
இடைப்பட்ட அளவு: 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
வணிக அளவு: 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல், 1 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். ஜாமீனும் எளிதில் கிடைக்காது.

மார்ஃபினுக்கும் டிரமடாலுக்கும் சிறிய அளவு 5 கிராம். 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. வீரியம் மிகுந்த ஃபென்டானிலுக்கு வணிக அளவின் எல்லை 0.1 கிராம்தான். கலவையில் உள்ள போதையற்ற பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 50 மில்லிகிராம் மருந்து கொண்ட மாத்திரையின் முழு எடை அதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பதால், இத்தீர்ப்பின் விளைவு பெரிது.

டேபென்டடால்

டிரமடாலை மனமயக்கப் பொருளாக்கிய 2018 அறிவிப்பில் டேபென்டடால் என்ற ஓபியாய்டு மருந்து இடம்பெறவில்லை. இதை உரிமமின்றி விற்போர் மீது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் பாயும். 3 முதல் 5 ஆண்டு வரை சிறை.

நோயாளிகளின் உரிமை

சட்டம் நோயாளிக்கு எதிரானதல்ல. சொந்த மருத்துவத் தேவைக்கு டிரமடால் போன்றவற்றை ஒரே நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சைக்கென மருத்துவர் குறிப்பிட்டு எழுதினால் 300 வரை. புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் தடையின்றிக் கிடைக்கவே 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. வழக்குக்குப் பயந்து வலியைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. சீட்டும் கடை ரசீதும் மாத்திரை அட்டையோடு எப்போதும் இருக்கட்டும்.

சிகிச்சை வழி

போதைக்கு அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் சிக்கினாலும், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அப்பாதுகாப்பு பறிபோகலாம். பிள்ளையைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி மறைக்கும் பெற்றோர் முதலில் அறிய வேண்டிய பிரிவு இதுவே.