வழு விழுந்த இடம்: கூட்டுச் சோதனையும் தமிழில் வழு அறிக்கையும்

முன்னுரை

மென்பொருளில் நேரும் பிழையைத் தமிழ்க் கணிமையாளர்கள் ‘வழு’ என்கிறார்கள். இலக்கணம் தந்த சொல் அது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு நேரும் இடங்களை நன்னூல் ஏழாக வகுத்தது. பிழை என்று சொன்னால் போதாது, எதில் பிழை என்று சுட்ட வேண்டும் என்பது அம்மரபு. மென்பொருள் வழு அறிக்கையும் இதே திசையில்தான் வளர்ந்தது. தமிழ் மென்பொருளில் அப்படிச் சுட்டுவதற்குப் பலர் கூடிச் சோதிப்பது இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் வாதம்.

குறிப்பேடு முதல் பொதுப் பதிவேடு வரை

ஆங்கிலத்தில் பூச்சியையும் வழுவையும் குறிக்கும் ‘பக்’ என்ற சொல்லை எடிசன் 1878இலேயே தொழில்நுட்பக் கோளாறு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. அதைக் குறிப்பேட்டில் ஒட்டிய பொறியாளர்கள் 15:45 மணி, எஃப் பலகை, 70ஆம் ரிலே என்று நேரத்தையும் இடத்தையும் பதிந்தனர். அந்த ஏட்டின் அருமை அதில்தான் இருக்கிறது.

1998இல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூல நிரலை வெளியிட்டது. அதே ஆண்டில் வழுக்களைப் பதியும் மென்பொருளான பக்சில்லா பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. முன்பின் அறியாதவர் எழுதியதை முன்பின் அறியாதவர் படித்துத் திருத்த வேண்டியிருந்ததால், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது என்ற மூன்று கூறுகள் அறிக்கையில் நிலைபெற்றன. அதே தவற்றை நிரலர் தம் கணினியிலும் நிகழ்த்திப் பார்க்க இவை உதவுகின்றன.

தமிழ் எழுத்து எழுப்பிய சிக்கல்

2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்தபின், ‘ஸ்ரீ’ எழுத்தை இரு குறியீட்டுத் தொடர்களில் எழுத முடிகிறது. ‘கௌரி’யை ஔகாரக் குறியோடும் எழுதலாம், எகரக் குறியும் ளகரமும் சேர்த்துத் தவறாகவும் தட்டச்சிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. தேடலில் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. இங்கே திரையைப் படம்பிடித்து அனுப்புவது மட்டும் உதவாது. உரையையே ஒட்டி, எழுத்துருவின் பெயரையும் மென்பொருள் பதிப்பையும் சேர்த்துத் தர வேண்டும்.

இரண்டு ஊர்ப்பெயர்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ‘மரக்காணம்’ 6 எழுத்து. யூனிகோடில் 9 குறியீடு. ‘குயிலாப்பாளையம்’ 8 எழுத்து, 15 குறியீடு. முகவரிக் கட்டம் 10 குறியீடுகளை மட்டுமே ஏற்றால் மரக்காணத்துக்காரருக்கு எக்குறையும் தென்படாது. குயிலாப்பாளையத்துக்காரரின் ஊரோ ‘குயிலாப்பா’ என்று அறுந்து நிற்கும்.

“ஊர்ப்பெயர் சரியாக வரவில்லை” என்பது முறையீடு. “குயிலாப்பாளையம் என்று உள்ளிட்டுச் சேமித்தேன், முழுப்பெயர் வர வேண்டும், குயிலாப்பா மட்டும் நின்றது” என்பது அறிக்கை. மரக்காணம் முழுதாக வந்தது என்ற செய்தியும் சேர்ந்தால், எழுத்து வடிவத்தில் குறையில்லை, நீள எல்லையில்தான் குறை என்று நிரலர் ஊகித்துவிடலாம். வழு தென்படாதவரின் சோதனையும் சான்றாகிறது.

முடிவுரை

கூட்டுச் சோதனையில் ஒரு வழுவுக்கு ஓர் அறிக்கை போதும். முன்பே பதிவாகியிருந்தால் தம் அனுபவத்தை அங்கேயே சேர்க்கலாம். திருத்தம் வந்தபின் அதே படிகளை மறுபடி செய்து பார்க்க வேண்டும். தமிழில் படிவம் வடிக்கும் எவரும் ஒரு மாவட்டத்தின் ஊர்ப்பெயர்ப் பட்டியல் முழுவதையும் சோதனைத் தரவாகக் கொள்ளட்டும். எந்த ஊரின் பெயரும் பாதியில் அறுபடக் கூடாது.