மானமும் ஊர்க்கண்ணும்: அந்தமான் குடியேற்றத்தை முன்வைத்து

பெண்ணின் மணத்தைக் குலமானத்தோடு பிணைக்கும் கருத்து, ஊர் பார்க்கிறது என்னும் அச்சத்தால் உயிர்வாழ்வது. 2003 சூலை 8 அன்று விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து பதிவுமணம் புரிந்த கண்ணகி, முருகேசன் இருவரும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டது உறவினரும் ஊராரும் காண என்பது நோக்கத்தக்கது. வெறுஞ்சினத்தின் விளைவன்று இது; இழந்ததாகக் கருதிய மதிப்பைப் பலரறிய மீட்கும் சடங்கு எனலாம். இதனைக் ‘கௌரவக் கொலை’ என்பது கொலையாளியின் சொல்லை வழிமொழிவதாகும். பின்னர் வழக்கிற்கு வந்த ‘ஆணவக் கொலை’ என்பதே பொருந்தும்.

ஊர்க்கண் இல்லாவிடத்து நிகழ்ந்தது வேறு. ஜங்லிகாட் அடங்கிய போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. அங்குக் கைதிப் பெண்களும் ஆண்களும் அரசின் இசைவோடு மணந்தனர். பங்காளிகள் உடனில்லை, பெண்களோ மிகச்சிலர். எனவே சாதி கடந்த மணங்கள் இயல்பாயின. இவற்றை விடுதலை எனப் போற்றுதல் மிகை. தந்தை விட்ட அதிகாரத்தை நிருவாகம் எடுத்துக்கொண்டது, அவ்வளவே. ஆயினும் கலப்பால் குடி அழியும் என்னும் நம்பிக்கை அங்குப் பொய்த்தது. அம்மணங்களின் வழிவந்தோர் ‘லோக்கல் பார்ன்’ எனும் தனிச் சமூகமாயினர்.

புதுக்கூரைப்பேட்டை வழக்கில் கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு 2021இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 2025இல் ஆயுள் தண்டனைகளை உறுதிசெய்தது.