ட்ரான்ஸ் இசை: ஓர் அலை எழுந்ததும் வடிந்ததும்

(நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இலக்கியம் பேசும் அரங்கில் கிளப் இசையைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஒரு கலைவடிவம் எப்படிப் பெருங்கூட்டத்தின் நடுவே வந்து சேர்கிறது, எப்படி அங்கிருந்து விலகுகிறது, விலகிய பின் அதற்கு என்ன ஆகிறது என்ற கேள்விகள் இலக்கிய வாசகர்களான நமக்கு அந்நியமானவை அல்ல. ட்ரான்ஸ் இசையின் கதையில் இந்த மூன்றையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் பார்த்துவிட முடிகிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

கேட்டிராதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். ட்ரான்ஸ் என்றால் தன்னிலை மறத்தல். சன்னதம் என்று நம்மிடம் உள்ள சொல் அதற்கு ஓரளவு அருகில் வரும். நிமிடத்துக்கு 130 முதல் 140 துடிப்புகள் வரை கொண்ட ஒரே தாளம் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு சிறிய மெட்டு அடுக்கடுக்காக ஏறும். நடுவில் தாளம் முழுவதுமாக நின்றுவிடும். மெட்டு மட்டும் தனியே மிதக்கும், சில சமயம் இரண்டு நிமிடம்கூட. பிறகு தாளம் திரும்பி வரும். அந்த நொடியில் அரங்கமே கைகளை உயர்த்தும். ஒரு பாடலின் நீளம் எட்டு அல்லது ஒன்பது நிமிடங்கள். இத்தகைய பாடல்களை ஒன்றோடொன்று இணைத்து இரவு முழுக்க ஒரு டிஜே வாசிப்பார். காத்திருப்பதும், காத்திருந்தது வந்து சேர்வதும்தான் இந்த இசையின் மொத்த இலக்கணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த இசை உருப்பெற்றதில் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் நகருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நகர விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே டோரியன் கிரே என்ற கிளப் இயங்கியது. 1990இல் வந்த ‘தி ஏஜ் ஆஃப் லவ்’ என்ற இசைத்துணுக்கை, ஃப்ராங்ஃபர்ட்டைச் சேர்ந்த ஜாம் அண்ட் ஸ்பூன் இரட்டையர் 1992இல் மறுகலவை செய்தார்கள். ட்ரான்ஸின் வடிவம் துலங்கிய தொடக்ககாலப் படைப்புகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1989 ஜூலையில் மேற்கு பெர்லின் தெருவில் சுமார் 150 பேர் இசையோடு ஊர்வலம் போனார்கள். அதுதான் முதல் லவ் பரேட். நான்கு மாதங்களில் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்கு பெர்லினில் வளர்ந்த ஒரு சிறுவன், மேற்கு பெர்லின் வானொலியை ரகசியமாகக் கேட்டே இசை பழகினான். பால் வான் டைக் என்ற பெயரில் பின்னாளில் இந்த இசையின் முதன்மையான கலைஞர்களில் ஒருவரானவர் அவர். எல்லைகள் கரைவதாக ஐரோப்பா நம்பிய பத்தாண்டின் இசை இது. சொற்கள் மிகக் குறைவாக இருந்ததால் எந்த மொழிக்காரரும் இதற்கு வெளியாள் ஆகவில்லை.

இதே காலத்தில் இந்தியாவின் கோவாவில், அஞ்சுனா கடற்கரையின் இரவுக் கூத்துகளில் இன்னொரு கிளை முளைத்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்து தங்கிய கோவா கில் போன்றவர்கள் வளர்த்த கோவா ட்ரான்ஸ் அது. 2000ஆம் ஆண்டில் வந்த இந்திய ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. விடியலை நோக்கியே கட்டப்பட்ட இசைக்கு இரவு பத்து மணி என்ற எல்லை எத்தகைய அடி என்று சொல்லத் தேவையில்லை.

இனி, உச்சம். 1995இல் இத்தாலியின் ராபர்ட் மைல்ஸ் வெளியிட்ட ‘சில்ட்ரன்’ ஒரு மென்மையான பியானோ மெட்டு. யுகோஸ்லாவியப் போரில் சிக்கிய குழந்தைகளைத் தன் தந்தை எடுத்துவந்த படங்களில் பார்த்து அவர் அமைத்தது. ஐரோப்பாவின் பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. ரோலண்ட் நிறுவனத்தின் ஜேபி 8000 என்ற சின்தசைசர் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் வந்தது. சற்றே சுருதி பிசகிய ஏழு ஒலியலைகளை ஒன்றாக்கி, ஒரே விசையில் பெரும் கோரஸ்போல ஒலிக்கச் செய்யும் ‘சூப்பர்சா’ என்ற வசதி அதில் இருந்தது. 1999இல் ஏடிபி என்ற ஜெர்மானியரின் ‘9 பிஎம்’ பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஆட்டக்காரர்களின் இசை அன்றாட வானொலிக்குள் நுழைந்துவிட்டது. 2003இல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகர அரங்கில் டியெஸ்டோ என்ற ஒற்றை டிஜேயைக் கேட்க சுமார் 25,000 பேர் வந்தார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் விளையாட்டு வீரர்கள் அணிவகுத்து வந்தபோது வாசித்தவரும் அவரே.

பிரிட்டனின் டிஜே மேக் இதழ் ஆண்டுதோறும் வாசகர் வாக்கெடுப்பு நடத்துகிறது. 2002 முதல் 2010 வரை, தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள், அதில் முதலிடம் பெற்றவர்கள் டியெஸ்டோ, பால் வான் டைக், ஆர்மின் வான் ப்யூரன் மூவர் மட்டுமே. மூவரும் ட்ரான்ஸ் கலைஞர்களாக அறியப்பட்டவர்கள். 2011இல் அந்த இடம் டேவிட் குவெட்டாவுக்குப் போனது. 2012இல் ஆர்மின் மீட்டார். 2013இல் ஹார்ட்வெல் வந்தார். அத்துடன் அந்த ஆட்சி முடிந்தது.

ஏன் முடிந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: புதிய தலைமுறைக்குப் பொறுமை இல்லை, ஸ்மார்ட்போன் வந்துவிட்டது, முப்பது நொடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாக ஸ்பாட்டிஃபை கணக்கெழுதுகிறது, பிறகு எட்டு நிமிட இசையை யார் கேட்பார்? நானும் பல ஆண்டுகள் இதையே நம்பினேன், சொல்லியும் வந்தேன். ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது அது பொருந்தவில்லை. ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்குள் வந்ததே 2011இல்தான். சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

உண்மையில் நடந்தவை இரண்டு சரிவுகள். முதலாவது பிரிட்டனில், 2000ஐ ஒட்டி. 1994ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளங்களைக் கொண்ட திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. கூட்டம் உரிமம் பெற்ற பெரிய கிளப்புகளுக்குள் போனது. லிவர்பூலின் க்ரீம், ஷெஃபீல்டின் கேட்க்ராஷர் போன்றவை நிறுவனங்களாக வளர்ந்தன. நுழைவுக் கட்டணமும் டிஜேக்களின் சம்பளமும் ஏறின. ஒரே மாதிரியான பாடல்கள் வாரந்தோறும் குவிந்தன. 2002இல் க்ரீம் தன் வாராந்திர இரவை நிறுத்திக்கொண்டது. எட்டு நிமிடப் பாடல்களை மூன்று நிமிடமாக வெட்டி வானொலிக்குக் கொடுக்கும் வழக்கமும் அந்த உச்ச ஆண்டுகளில் பரவலாக இருந்தது. காத்திருப்பை முதலில் வெட்டியது ஸ்மார்ட்போன் அல்ல. ட்ரான்ஸை விற்றவர்களே வெட்டினார்கள்.

இரண்டாவது சரிவு 2009க்குப் பிறகு, உலக அளவில். அமெரிக்காவில் இடிஎம் என்ற பெயரில் பெருவிழாச் சந்தை திறந்தது. அங்கே ஒரு டிஜேக்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோதான் கிடைக்கும். அடுத்த மேடையில் இன்னொருவர் வாசித்துக்கொண்டிருப்பார். எட்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏற்றுவதை ஒரு மணி நேரத்தில் ஏற்ற முடியாது. எனவே துடிப்பு 128ஐ ஒட்டி இறங்கியது. ஏற்றம் சுருங்கியது. தாளம் வந்து விழும் அந்த நொடி மட்டும் ‘டிராப்’ என்ற பெயரில் பெரிதானது. பாருங்கள், இடிஎம் ட்ரான்ஸை எதிர்த்து வென்ற அந்நியன் அல்ல. ட்ரான்ஸின் உச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்பான காத்திருப்பை அது விட்டுவிட்டது. 2009இல் வந்த ‘கெலைடோஸ்கோப்’ ஆல்பத்தோடு டியெஸ்டோவே ட்ரான்ஸை விட்டு நகர்ந்தார். பழைய ரசிகர்கள் அதைத் துரோகம் என்றார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மேடையின் நேரம் மாறும்போது மேடையில் நிற்பவரும் மாறுகிறார்.

ஆக, ரசனை தானாகக் கெட்டுப்போனது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஒரு கலைக்கு அது நிகழும் இடமும் அதற்குக் கிடைக்கும் நேரமும் உயிர்நாடி. கோவாவில் சட்டமும், பிரிட்டனில் கட்டணமும், அமெரிக்காவில் விழா அட்டவணையும் அந்த நேரத்தைப் பறித்தன. ‘மக்கள் மாறிவிட்டார்கள்’ என்று சொல்வது நமக்கு வசதியானது. யாருடைய முடிவால் எது சுருங்கியது என்று தேட வேண்டிய வேலை அதில் மிச்சமாகிறது.

சரி, ட்ரான்ஸ் செத்துவிட்டதா? 2001இல் ஆர்மின் தொடங்கிய ‘எ ஸ்டேட் ஆஃப் ட்ரான்ஸ்’ வானொலி நிகழ்ச்சி ஆயிரம் வாரங்களைத் தாண்டி இன்றும் ஒலிக்கிறது. அஞ்சுனா கடற்கரையின் பெயரைத் தாங்கி லண்டனில் பிறந்த அஞ்சுனாபீட்ஸ் புதிய இசையை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. போர்ச்சுகலின் பூம் விழாவில் கோவாக் கிளையின் வாரிசான சைட்ரான்ஸ் நாட்கணக்கில் ஓடுகிறது. பட்டியல்களின் உச்சியில் இல்லை, அவ்வளவுதான். பட்டியலை மட்டும் பார்த்து வரலாறு எழுதினால், உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் எழுதியவர்கள் ஆவோம்.

சிறுபத்திரிகையில் வளர்ந்த வாசகர்களிடம் இதை நான் விளக்க வேண்டியதில்லை. முந்நூறு பிரதிகள் அச்சிட்ட இதழ்களில் நம் மொழியின் நல்ல கதைகள் பல வந்தன. லட்சம் பிரதிகள் விற்ற இதழ்கள் அதே காலத்தில் இருந்தன. எது எஞ்சியது என்பது நமக்குத் தெரியும். ஆனால் இதில் பெருமிதம் கொள்ளவும் வேண்டாம். ஒரு கலை நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது இழப்பும் உண்டு. மொழி தெரியாத இருபத்தைந்தாயிரம் அந்நியர்கள் ஒரே கூரையின் கீழ், ஒரே மெட்டு திரும்பி வருவதற்காக இரண்டு நிமிடம் ஒன்றாகக் காத்திருந்தார்கள். அந்த மெட்டு இன்றும் கிடைக்கிறது. ஹெட்ஃபோனில், தனியாக. அப்படி ஒன்றாகக் காத்திருப்பதற்கான இடங்கள்தான் குறைந்துவிட்டன.

இன்றிரவு நேரம் இருந்தால் ராபர்ட் மைல்ஸின் ‘சில்ட்ரன்’ நீண்ட வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். பாதியில் தாளம் நிற்கும்போது அடுத்த பாடலுக்குத் தாவிவிடாதீர்கள்.